பின்வரிசைக்குக் கிளம்பின படகு

— அப்போ படகை நீங்க கண்ணால பாக்கவே இல்ல. ஸ்டேஷன்ல அத மட்டும் சொன்னா போதும்க்கா. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.

— பாக்கலதான் மேடம். தண்ணியத்தான் பாத்தோம். வேற எதப் பாத்தோம்.

— படகு வருதுன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?

— இல்ல.

— என் தம்பி?

— அவரும் சொல்லல மேடம்.

— சரி, அங்க இருந்த நிலைமையில அவனுக்கு எங்க நேரம். அதையும் அப்படியே சொல்லிடுங்க. கீழ வண்டி நிக்குது, டீயக் குடிச்சதும் கிளம்பிடலாம். கட்டுப் போட்ட கையோட தம்ளரப் பிடிப்பீங்களா, நான் பிடிச்சுக்கட்டுமா?

— இந்தக் கை நல்லாத்தான் இருக்கு, அந்தக் கைதான் ரெண்டாப் போச்சு. நீங்க முதல்ல குடிங்க. உங்க டீ ஆறி ஏடு கட்டிக் கிடக்கு.

— எனக்கு இறங்கல. அந்த நாற்காலில உக்காராதீங்க, அதுக்குக் காலு ஆடும். இப்படி வாங்க. கீழ் ரூம் பூராவும் சேறு. மேசை நாற்காலி எல்லாத்தையும் மேல ஏத்தி இங்க அடைச்சு வச்சிருக்கு. தொழிற்பேட்டைச் சங்க ஆபீஸுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, குடோன் மாதிரி இருக்கு.

— மேடம், நான் ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க. மேடம்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க வீட்டுல தினம் உங்க பேச்சுதான். ‘பேக்கிங் அக்கா இன்னைக்கு என்னை என்ன சொல்லுச்சு தெரியுமா’ன்னுதான் சாப்பிடவே உக்காருவான்.

— என்னத்தச் சொன்னேன். சூப்பர்வைசர் ஆச்சேன்னு பாக்காம திட்டுவேன், அவ்வளவுதான். அந்த ஒசரத்த வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறும்போதெல்லாம் உத்தரத்துல தலைய இடிச்சுக்குவாரு. எங்களுக்கெல்லாம் அவரு நெட்டை சார்தான். ‘நெட்டை சார், கொஞ்சம் குனியத்தான் கத்துக்கங்களேன்’ம்பேன். ‘நாளையிலேருந்து குனியறேன்க்கா’ம்பாரு. மறுநாளும் டொக்குனு கேக்கும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்களுக்கு ஷிஃப்டு ஆரம்பிச்ச மாதிரி.

— வீட்டுலயும் அப்படித்தான். கதவு நிலையில அவன் தலை படற இடத்துல துணியச் சுருட்டி வச்சு ஆணி அடிச்சிருக்கேன். நான் இப்ப அந்த வீட்டுக்குப் போறதே இல்ல. இங்கயே அந்த பெஞ்சுல படுத்துக்கறேன்.

— அழுதுடுங்க. நெஞ்சுல வச்சுக்காதீங்க.

— வரலக்கா. அவன எடுத்துட்டு வந்தப்பவும் வரல, மண்ணு போட்டப்பவும் வரல. எல்லாரும் என் முகத்தையே பாக்கறாங்க. எங்க அம்மா இருந்திருந்தா ‘கல்லு மாதிரி நிக்கிறியேடி’ன்னு கேட்டிருப்பாங்க. அந்தப் படகுக்காரன உள்ள தள்ளினப்புறம் அழுதுக்கலாம்னு வச்சிருக்கேன். நீங்க என்னமோ கேக்க வந்தீங்க.

— அதத்தான் கேக்க வந்தேன். அந்தாள இன்னைக்கே உள்ள வச்சிருவாங்களா?

— வைக்கணும். உங்க வாக்குமூலமும் என்னோடதும் இருந்தா போதும்னு சொல்லியிருக்காங்க. உதவிக்குக் கிளம்பிட்டேன்னு சொல்லிட்டு வராம இருந்தான். அத நம்பி வேற யாரும் போகல. அஞ்சு உசுரு போச்சு. இதுக்கு மேல என்ன வேணும்.

— அவரு பொண்டாட்டி நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா.

— வருவா. சாட்சியக் கலைக்க ஆள் அனுப்பாம இருப்பானா.

— அவ ஒண்ணும் கேக்கல. கட்டில் காலுகிட்ட நின்னா. வார்டு முழுக்க எங்க ஆளுங்க, யாரும் அவளுக்கு முகம் குடுக்கல. நானும் சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டேன். என் தலையில சேறு காஞ்சு திரி திரியா ஒட்டிக் கிடந்துச்சு, ஒரு கையால நான் என்னத்தப் பண்ண. அவ பாட்டுக்கு ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டாந்தா. பின்னால உக்காந்து, ஒவ்வொரு இழையாப் பிரிச்சுச் சேத்த எடுத்துச் சீவி விட்டா. ரொம்ப நேரம். ஒரு முடி இழுத்து வலிக்கல. போகும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னா. ‘அவருக்குப் போன்ல பேசத்தான் தெரியும்க்கா, வேற ஒண்ணும் அமுக்கத் தெரியாது’ன்னா.

— அவனும் அதத்தான் சொல்றான். எஞ்சின்ல தண்ணி ஏறிடுச்சாம், படகு கிளம்பவே இல்லையாம், பச்சை போட்டது நான் இல்லங்கறான். பின்ன பூதம் வந்து போட்டுச்சா.

— எனக்கு அந்தப் பச்சை செவப்பு விவரம் முழுசாத் தெரியாது. பலகை பலகைன்னு நெட்டை சார் சொல்லுவாரு, போனைக் காட்டுவாரு. நான் கண்ணாடி இல்லாம என்னத்தப் பாக்கறது. ஸ்டேஷன்ல போய் நின்னுக்கிட்டு முழிக்கக் கூடாது பாருங்க. உங்க பக்கம் நடந்தத முதல்லேருந்து நீங்க சொல்லுங்க. அப்புறம் என் பக்கத்த நான் சொல்றேன்.

— வண்டிக்காரர் காத்துக்கிட்டிருக்காரே.

— இருக்கட்டும். நாம என்ன ரயிலுக்கா போறோம்.

— சரி, வரிசையா சொல்றேன். இதுக்கு முன்னால ஒரு வெள்ளம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா. அப்போ ஒவ்வொரு கம்பெனிக்காரரும் அவங்கவங்க கேட்டை மூடி, மணல் மூட்டைய அடுக்கி, தண்ணியப் பக்கத்துக் காம்பவுண்டுக்குத் தள்ளிவிட்டாங்க. பெயின்ட் கம்பெனில தண்ணி இறைக்கற மோட்டாரு சும்மா கிடக்கு, அடுத்த கட்டடத்துல மெஷினெல்லாம் முங்குது. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. கேக்கணும்னு யாருக்கும் தோணல. யார்கிட்ட எது இருக்குன்னும் தெரியாது. அப்புறம் சங்கத்துல கூடிப் பேசி, எல்லாரும் சேந்து ஒரு சாஃப்ட்வேர் வச்சுக்கறதுன்னு முடிவு பண்ணி, ஆபீஸ் வேலை பாத்துக்கிட்டிருந்த என் தலையில கட்டினாங்க. அதுக்கு வாயில நுழையாத ஒரு பேரு. தம்பிதான் பலகைன்னு வச்சான். எல்லாருக்கும் அதுவே ஆயிடுச்சு.

— அதுல என்ன இருக்கும்?

— தொழிற்பேட்டை முழுக்க அதுல இருக்கும். ஒரு கம்பெனிக்கு ஒரு கட்டம். கட்டத்தத் தொட்டா உள்ள எத்தனை பேரு, என்ன வண்டி, என்ன மோட்டாரு, தீப்பிடிக்கற சரக்கு எங்க இருக்கு, எல்லாம் வரும். ஆபத்துன்னா அந்தக் கட்டத்தச் செவப்பாக்கணும். உதவிக்கு ஒரு வண்டி கிளம்பினதும் அது பச்சையாகும். எல்லார் போன்லயும் ஒரே நேரத்துல தெரியும். அதாவது, ஒரே இடத்துக்கு நாலு வண்டி போய் இன்னொரு இடத்துக்கு ஒண்ணுமே போகாம இருக்கக் கூடாது. அதுக்குத்தான் பச்சை. பச்சையப் பாத்தா மத்தவங்க வேற இடத்துக்குத் திரும்பலாம்.

— நல்ல விஷயம்தானே.

— நல்ல விஷயம்தான். நான் அத எவ்வளவு நம்பினேன்னு உங்களுக்குத் தெரியாதுக்கா. ஒத்திகை வச்சா ஒருத்தரும் வர மாட்டாங்க. பெயின்ட் கம்பெனி முதலாளி ‘மழைக்குக் குடை போதாதாம்மா, கம்ப்யூட்டர் வேணுமா’ன்னு கேட்டாரு. ஒரு ஒத்திகைல ஒரே நேரத்துல ஏழெட்டுக் கட்டம் செவப்பாச்சு. பதறிப் போய்த் தொறந்து பாத்தா ‘டீ இன்னும் வரல, உடனடி உதவி தேவை’ன்னு எழுதியிருக்காங்க. நான் அழுதுட்டேன். தம்பிதான் ‘விடு, வெளையாடறதுக்காவது தொறக்கறாங்கல்ல, அமுக்கப் பழகிடுவாங்க’ன்னான். லீவு போட்டுட்டு ஒவ்வொரு கம்பெனியா ஏறி இறங்கினான். வாட்ச்மேன், டிரைவர், கூட்டறவங்க, யாரையும் விடல. பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தான். ஏரியில படகு விடற இந்த ஆளையும் அவன்தான் சேத்துவிட்டான். ‘நம்மகிட்ட எல்லாம் சக்கரமா இருக்கு, மிதக்கறது ஒண்ணும் இல்லையே’ன்னு.

— அவருக்குத்தான் அமுக்கத் தெரியாதே, அப்புறம் எப்படிச் சேத்தாரு?

— வண்டி ஓட்டறவங்க ஓட்டிக்கிட்டே எப்படி அமுக்குவாங்க. அதனால எந்தக் கம்பெனிப் பொறுப்பாளர் வேணாலும் அவங்களுக்காகப் பச்சை போடலாம்னு கூட்டத்துல பேசி வச்சோம். படகுக்காரன் போன் பண்ணிச் சொன்னா யாராவது அவனுக்காகப் போட்டுடணும். அன்னைக்கும் அவன் யார்கிட்டயோ ‘கிளம்பிட்டேன், போட்டுடு’ன்னு சொல்லியிருக்கான். போட்டது யாரு விரல்னு அதுல நிக்காது. படகுன்னு மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு பொறுப்பாளரையும் கூப்பிட்டுக் கேட்டுட்டேன். நான் இல்ல, நான் இல்லங்கறாங்க. இப்ப யாரு ஒத்துக்குவா.

— எல்லாரையும் கேட்டீங்களா?

— உசுரோட இருக்கற எல்லாரையும் கேட்டேன்.

— ம். அன்னைக்கு நடந்ததச் சொல்லுங்க.

— காலை ஷிஃப்டு ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல ஏரிக்கரை உடைஞ்சிருச்சுன்னு தகவல். நான் இதே ரூம்ல, அந்த ஜன்னல் பக்கத்து மேசைல உக்காந்திருக்கேன். சொன்னா நம்ப மாட்டீங்க, முதல்ல எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. ஒரு கட்டம் செவப்பாகும், எங்கேயிருந்தோ பச்சை வரும். கெமிக்கல் கம்பெனி டிரம்மெல்லாம் மேல ஏத்தறதுக்கு, பேச்சுவார்த்தையே இல்லாத பக்கத்துக் கம்பெனிலேருந்து ஆளுங்க ஓடினாங்க. குடை போதும்னு சொன்ன அந்த முதலாளி தன் லாரியவே எடுத்துட்டுப் போய் நூல் மில்லுப் பொண்ணுங்கள ஏத்திக்கிட்டு வந்தாரு. எனக்குச் சந்தோஷம் தாங்கலக்கா. வெளிய ஊரே முங்குது, நான் உள்ள உக்காந்துக்கிட்டு ஜெயிச்சுட்டோம்னு நினைக்கறேன். இப்ப அத நினைச்சா என் மேலயே அருவருப்பா இருக்கு.

— எங்கள ஏன் முதல்லயே கிளம்பச் சொல்லல? திட்டறதுக்காகக் கேக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

— இருக்கறது ஒரே ரோடு. எல்லாரும் ஒண்ணா இறங்கினா அடைச்சுக்கும். அதனால முன்வரிசை முதல்ல, உங்க கம்பெனி இருக்கற பின்வரிசை கடைசியில, அப்படின்னு திட்டம். கரை உடைஞ்சா முன்பக்க மதகுகிட்டதான் உடையும்னு எல்லாரும் நினைச்சிருந்தோம். எத்தனை கூட்டம் போட்டோம், ஒருத்தருக்கும் வேற மாதிரி தோணல. அது பின்பக்கம் உடைஞ்சிருச்சு.

— நாங்க செருப்ப மாட்டிக்கிட்டு, பையத் தோள்ல போட்டுக்கிட்டு, எங்க முறை வரும்னு ஷட்டர்கிட்ட வரிசையா நின்னோம். ஷட்டருக்கு அடியில நூலு மாதிரி தண்ணி வந்துச்சு. அப்பவும் நெட்டை சார் போனைப் பாத்து ‘இன்னும் ரெண்டு கம்பெனிதான், அப்புறம் நாமதான்’னாரு.

— தெரியும். எனக்கும் அதையேதான் எழுதினான். ‘முறைக்குக் காத்திருக்கோம்.’ அப்புறம்தான் கட்டம் செவப்பாச்சு. ‘படி முங்கிருச்சு, மேல பரண்ல இருக்கோம்.’ பெயின்ட் கம்பெனி லாரிய அனுப்பினேன். டிரைவர் கிளம்பினாரு, அதுக்கப்புறம் போன் எடுக்கல. பாதி வழில எஞ்சின் நின்னு போச்சு போலன்னு நினைச்சு, கட்டத்த மறுபடி செவப்பாக்கினேன். படகுக்காரனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன், லைனே போகல. அந்த நேரத்துலதான் டைல்ஸ் குடோன் லோடர் இந்த வாசலுக்கு வந்துச்சு. மண் அள்ளுற வண்டி, ஆள் ஒசரச் சக்கரம். தம்பிக்கு அடிச்சேன், எடுத்தான். ‘லோடர் வந்திருக்குடா, நானே அதுல ஏறி வர்றேன்’னேன். அவன் என்னமோ கத்தினான். அதோட கட் ஆயிடுச்சு. அப்புறம் பேச்சே போகல, பலகை மட்டும் விட்டு விட்டு வேலை செஞ்சுச்சு. அதுல ‘வராத’ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதினான்.

— அதப் பாத்தீங்களா?

— பாத்தேன். அவன் வராதன்னா நான் நின்னுடுவேனா. சின்ன வயசுலேருந்து அவன் அப்படித்தான். காய்ச்சல்னா சொல்ல மாட்டான், அடிபட்டா காட்ட மாட்டான். தன்னால யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது அவனுக்கு. ஒரு காலு லோடர் படியில வச்சிட்டேன். இன்னொரு காலு தண்ணியில. அப்ப போன் அதிர்ந்துச்சு. எடுத்துப் பாத்தா பின்வரிசைக் கட்டம் பச்சை. ‘படகு கிளம்பிடுச்சு.’

— இறங்கிட்டீங்க.

— இறங்கிட்டேன். லோடர் சுத்தி வரதுக்குள்ள படகு போய்ச் சேந்துடும். எண்ணெய் குடோன் வாட்ச்மேன் பொண்டாட்டி புள்ளைங்களோட கூரை மேல நிக்கறாரு, அந்தக் கட்டம் இன்னும் செவப்பாவே இருக்கு. ‘நீங்க அங்க போங்க’ன்னு லோடர் டிரைவர்கிட்ட நானே சொன்னேன். அவங்க பொழைச்சாங்க. அந்தப் புள்ளைங்க இங்கதான், அந்த மூலையில சாக்கு மேல தூங்குச்சுங்க. நான் மேசைக்கு வந்து பச்சையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா. பின்வரிசைச் சுவர் விழுந்திருச்சுன்னு யாரோ ஓடி வந்து சொன்னாங்க. திரும்பி ஸ்கிரீனப் பாத்தேன். அப்பவும் பச்சையாத்தான் இருந்துச்சு. இன்னமும் பச்சையாத்தான் இருக்கு. யாரும் மாத்தல. எனக்கும் கை வரல.

— ஏரிக்கரைல அவரு படகெல்லாத்தையும் உடைச்சாங்களாமே.

— நான் அங்கதான் நின்னேன். குழந்தைங்க ஏறி மிதிக்கற வாத்துப் படகு இருக்குமே, அதக்கூட விடல. கடப்பாறையால குத்தினாங்க. அந்தாளு கையக் கட்டிக்கிட்டு நின்னான். என்னைத்தான் பாத்தான். நிறுத்துங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. சொல்லல. உடைச்சு முடிச்சப்புறமும் எனக்கு ஆறல.

— இனி நான் சொல்றேன். நடுவுல நிறுத்தாதீங்க. நிறுத்தினா எனக்குத் திரும்ப ஆரம்பிக்க வராது.

— சொல்லுங்க.

— ஷட்டர் ஒடிஞ்சு தண்ணி ஒரே தள்ளாத் தள்ளிச்சு. எல்லாரும் பரணுக்கு ஏறிட்டோம். அங்க தெர்மோகோல் ஷீட்டு கூரை வரைக்கும் அடுக்கியிருக்கு, பின்பக்கம் ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிர்ல அந்தப் பக்கத்துக் கம்பெனி தண்ணித் தொட்டி, தூணு மேல ஒசரமா நிக்குது. நெட்டை சார் நாலஞ்சு ஷீட்ட ஒண்ணு மேல ஒண்ணா வச்சு டேப்பச் சுத்தச் சொன்னாரு. ‘வேலையெல்லாம் இங்கயுமா’ன்னேன். அந்த நேரத்துலயும் சிரிச்சாரு. பேக்கிங் கயித்த முறுக்கி அதுல கட்டி, ஒரு ஆளா அதுல குப்புறப் படுக்க வச்சுத் தொட்டிப் பக்கம் தள்ளி விட்டாரு. முதல்ல மாசமா இருக்கற பொண்ணு. அவ மாட்டேன்னு ஜன்னலக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. கன்னத்துல ஒண்ணு வச்சு அனுப்பினேன். போய்ச் சேந்து ஏணியப் பிடிச்சா. அவளுக்கு அடுத்து ரெண்டு பேரு. நெட்டை சாருக்கு நீச்சல் தெரியாதுன்னு எங்களுக்கெல்லாம் தெரியும். ‘நீங்க போங்க சார்’னேன். ‘நான் கனம், ஷீட்டு தாங்காது, கடைசில வர்றேன்’னாரு.

— கடைசிலன்னா அவன் வர மாட்டான்.

— அடுத்த ஆள ஏத்தறப்பத்தான் லாரி வந்துச்சு.

— லாரி பின்வரிசை வரைக்கும் வந்துச்சா?

— வந்துச்சு. மூலையில திரும்பற இடத்துல ஒரு சின்னப் பாலம் இருக்குல்ல. அது அடியோட போயிருந்துச்சு. மேல தண்ணி ஓடறதால யாருக்கும் தெரியல. லைட்டப் போட்டுக்கிட்டு வந்த லாரி, தூக்கத்துல ஆளு புரண்டு படுக்கற மாதிரி மெதுவாச் சாஞ்சுச்சு. டிரைவர் கதவு வழியா ஏறி மேல நின்னாரு. எங்களப் பாத்துக் கையக் காட்டினாரு. கூப்பிட்டாரா, போங்கன்னாரா, தெரியல. அப்புறம் அவரு இல்ல. லைட்டு மட்டும் தண்ணிக்கு உள்ள கொஞ்ச நேரம் எரிஞ்சுச்சு.

— அவர ரொம்பக் கீழ, கால்வாய்லதானே எடுத்தாங்க. பாதி வழியிலயே அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க.

— எங்க கண்ணு முன்னாலதான் போனாரு. நாங்க எல்லாரும் கத்தினோம். நெட்டை சார் மட்டும் கத்தல. ஜன்னல் நிலையப் பிடிச்சுக்கிட்டு அந்த மூலையவே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பத்தான் உங்க போன் வந்துச்சு.

— என்ன பேசினான், உங்களுக்குக் கேட்டுச்சா?

— மேடம், அந்தப் படகுக்காரர் பச்சை போடல. யார்கிட்டயும் போடச் சொல்லவும் இல்ல.

— என்ன சொல்றீங்க?

— நெட்டை சார்தான் போட்டாரு. என் பக்கத்துல உக்காந்துதான் போட்டாரு. கை ஈரம், எழுத்தா அடிக்க வரல, பச்சைய அமுக்க அமுக்க விழல. என் முந்தானையில காஞ்ச இடம் எங்கன்னு தேடி விரலத் துடைச்சுக்கிட்டுப் போட்டாரு.

— இல்ல.

— ஆமா கண்ணு.

— ஒரு கிண்ணம் தண்ணிக்கும் ஒரு சீப்புக்குமா இப்படிப் பேசறீங்க. நல்லாச் சீவி விட்டிருக்கா உங்களுக்கு.

— திட்டுங்க. எவ்வளவு வேணாலும் திட்டுங்க. இத உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். என்னோட போகட்டும்னு. அவ என் தலையத் தொட்டப்பத்தான் இனி முடியாதுன்னு தெரிஞ்சுச்சு. நான் வாயத் தொறக்கலன்னா அவ புருஷன் உள்ள போவாரு, தொறந்தா நீங்க... எத எடுத்து வைக்கறதுன்னு ராத்திரி பூரா கெடந்தேன்.

— அவன் போட மாட்டான்க்கா. நீங்க மயக்கத்துல எதையோ பாத்திருக்கீங்க. பலகையில ஒரு பொய் ஏறக் கூடாதுன்னு ஊர் பூராச் சொல்லிக் குடுத்தவன் அவன். ‘கிளம்பாத வண்டிக்குப் பச்சை போடறது ஆளக் கொல்றதுக்குச் சமம்’னு இந்த ரூம்ல நின்னு சொன்னவன்.

— எங்ககிட்டயும் சொல்லியிருக்காரு.

— பின்ன எதுக்குப் போட்டான்?

— உக்காருங்க முதல்ல. நிக்காதீங்க.

— எனக்குத் தெரியும். நீங்க எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தீங்க. லாரி போறதக் கண்ணால பாத்துட்டீங்க. அவனுக்கு யாராவது அழுதா தாங்காது, என்ன வேணாலும் பண்ணுவான். படகு வருது பாருங்கன்னு ஒரு பொய்யக் காட்டி உங்கள உக்கார வச்சிருக்கான். மடையன். லோடர் வந்திருக்கும்க்கா. என் காலு அதுலதான் இருந்துச்சு. அவன் சும்மா இருந்திருந்தா நான் வந்திருப்பேன். தானும் செத்து, கூட நின்ன மூணு பொம்பளைங்களையும் சேத்துக் கொண்டுபோயிட்டான். இத்தனை நாளா ஒருத்தன் மேல கோவத்த வச்சுக்கிட்டுத்தான் நான் எழுந்து நடமாடறேன். இனி அத யார் மேல கொண்டுபோய் வைக்கறது? செத்துப் போனவன் மேலயா?

— அவரு மேல கோவப்படாதீங்க.

— படாம?

— எங்களுக்காகப் போடல கண்ணு. எங்க யாருக்கும் அவரு போனைத் திருப்பிக்கூடக் காட்டல. சுவர் விழற வரைக்கும் படகுங்கற வார்த்தையே அவரு வாயில வரல.

— அப்போ யாருக்காகப் போட்டான்?

— கைய இப்படிக் குடுங்க. எப்படிச் சில்லுனு இருக்கு.

— யாருக்காகக்கா போட்டான், சொல்லுங்க.

— ‘பாலம் போனது எங்க அக்காவுக்குத் தெரியாது, லோடர்ல ஏறிட்டா. நான் வராதன்னா கேக்க மாட்டா, பலகை சொன்னாத்தான் நிப்பா’ன்னாரு.